பின்னாடி தனியாப் போவுது

நேற்று டயர் மாற்றப் போன இடத்தில் எனக்குக் கை நடுங்கிவிட்டது. டயர் மாற்றுவதற்கெல்லாம் ஒருத்தி நடுங்குவாளா என்று நீங்கள் சிரிக்கலாம். சிரித்து முடித்துவிட்டே படியுங்கள், எனக்கு அவசரமில்லை.

கடை செஞ்சியில், திண்டிவனம் ரோட்டில். நான் போன நேரம் ராஜகிரி மலைக்கோட்டையின் உச்சி மேகத்துக்குள் போயிருந்தது. உச்சி தெரியவில்லை என்றால் கால் மணி நேரத்தில் கடைவீதி நனையும் என்பது இந்த ஊர்க்காரர்கள் கணக்கு. பாதி நாள் அது தப்பாகவும் போகும். ஆனாலும் நான் அண்ணாந்து பார்த்தபடியே நின்றேன். ஏனென்றால் மழையில் நான் கார் ஓட்ட மாட்டேன். மகளை அவலூர்பேட்டையில் கட்டிக் கொடுத்திருக்கிறேன். வாரத்துக்கு ஒரு தடவை பேரனைப் பார்த்துவரத்தான் இந்தப் பழைய காரை வைத்திருக்கிறேன். போன இடத்தில் தூறல் விழுந்தால் அன்றைக்கு அங்கேயே தங்கிவிடுவேன். "அம்மாவுக்கு மழைன்னா மூட்டு வலி வந்துடும்" என்று மகள் தன் மாமியாரிடம் சொல்லி வைத்திருக்கிறாள். என் மூட்டெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது.

கடைக்காரருக்கு முப்பது வயது இருக்கலாம். முன்டயர் இரண்டும் தேய்ந்துவிட்டன, இரண்டு மட்டும் புதிதாகப் போட்டால் போதும் என்று சொல்லிவிட்டு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தேன். அவர் நான்கு சக்கரத்தையும் கழற்றினார். பின்னால் இருந்ததை எடுத்து முன்னால் மாட்டிவிட்டு, புது டயரைப் பின்பக்கம் உருட்டிக்கொண்டு போனார். காரணம் தெரிந்துதான் செய்கிறாரா என்று பார்க்கக் கேட்டேன்.

"இன்னாப்பா, முன்னாடி தேஞ்சிருக்குதுன்னுதானே வந்தேன்? பின்னாடி மாட்டுற?"

"புதுசு எப்பவுமே பின்னாடிதான்க்கா. ஈர ரோட்ல முன்னாடி வழுக்குச்சுன்னா ஆக்சிலேட்டர விட்டீங்கன்னா போதும், வண்டி பேச்சு கேக்கும். பின்னாடி வழுக்குச்சுன்னா அது யாரு பேச்சும் கேக்காது. மழைக்காலம் வருது பாருங்க."

தக்காளி விலை சொல்வதுபோல அதைச் சாதாரணமாகச் சொல்லிவிட்டு அவர் நட்டு முடுக்கப் போய்விட்டார். எனக்குத்தான் உள்ளங்கை வேர்த்து, விரல்கள் ஆடத் தொடங்கின. கைப்பையை மடியில் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டேன். இதே வார்த்தையைப் பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் யாராவது எனக்குச் சொல்லியிருக்கக் கூடாதா என்று நினைத்தேன். அப்புறம், ஒருத்தி சொன்னாளே என்பதும் நினைவுக்கு வந்தது.

புது டயருக்கு ஒரு வாசனை உண்டு. எனக்கு ஒருகாலத்தில் அது பிடிக்கும். என் அண்ணன் ஒரு சின்ன வேன் வாங்கி வாடகைக்கு ஓட்டிக்கொண்டிருந்தான். அவன் துபாய்க்குப் போனபோது வண்டியைத் தார்ப்பாய் போட்டு மூடி எங்கள் வீட்டு வாசலில் நிறுத்திவிட்டுப் போனான். அதற்குள் உட்கார்ந்தால் ரப்பரும் டீசலும் பழைய சாம்பிராணியும் கலந்த ஒரு வாசனை அடிக்கும். என் கணவருக்குக் கடைவீதியில் துணிக்கடையில் வேலை. அவருக்கு சைக்கிளைத் தவிர எதுவும் ஓட்டத் தெரியாது. நான் அண்ணனிடம் வம்பு பண்ணி முன்னமே ஓட்டிப் பழகி லைசென்ஸும் எடுத்திருந்தேன். சும்மா நின்று துருப்பிடிப்பதற்குப் பதில் ஸ்கூல் பிள்ளைகளை ஏற்றலாமே என்று ஒருநாள் தோன்றியது. அப்படித்தான் நான் 'வேன் அக்கா' ஆனேன்.

வல்லத்துக்கு உள்ளே தள்ளி இருக்கும் மூன்று ஊர்களிலிருந்து பதினொரு பிள்ளைகள். அந்த வேனில் பதினொரு பேர் உட்காரலாமா என்று கேட்காதீர்கள். அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. காலையில் ஏற்றிவந்து செஞ்சியில் பள்ளிக்கூட வாசலில் விடுவேன், சாயங்காலம் திரும்பக் கொண்டுபோய் விடுவேன். என் மகள் வித்யாவும் அதே பள்ளிக்கூடம். எங்கள் வீடு செஞ்சியிலேயே இருந்தாலும், சாயங்காலம் அவளைத் தனியாக வீட்டில் விட முடியாமல் வேனிலேயே ஒரு சுற்று கூட்டிக்கொண்டு போய்த் திரும்புவேன். அவள் இடம் எனக்குப் பக்கத்தில், முன்சீட்டில். அது அவளுடைய சிம்மாசனம்.

பெற்றவர்களுக்கு என்மேல் அப்படி ஒரு நம்பிக்கை. பொம்பளை ஓட்டினால் மெதுவாகத்தான் ஓட்டுவாள், பீடி பிடிக்க மாட்டாள், வழியில் நிறுத்தி அரட்டை அடிக்க மாட்டாள் என்று அவர்களாகவே முடிவு செய்துகொண்டார்கள். அரட்டை விஷயத்தில் மட்டும் அவர்கள் ஏமாந்தார்கள். என்னைத் தைரியசாலி என்று வேறு சொல்வார்கள். பல்லி விழுந்தால் தெருவுக்கு ஓடுகிறவள் நான். கரண்ட் போனால் கணவரின் சட்டையைப் பிடித்துக்கொள்கிறவள். ஸ்டீரிங்கைப் பிடித்திருந்ததால் கை நடுங்குவது வெளியே தெரியவில்லை, அவ்வளவுதான்.

வண்டி விஷயம் எதுவானாலும் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் இருந்த வாடகைக் கார் ஸ்டாண்டில்தான் கேட்பேன். அங்கே மூத்தவர் கன்னியப்பன் அண்ணன். ஆறேழு டிரைவர்கள், எல்லாருக்கும் அவர் சொன்னதுதான் சட்டம். ஒரு மழையில் என் வைப்பர் நின்றுபோனபோது, பீடியைப் பிரித்து அந்தத் தூளைக் கண்ணாடியில் தேய்த்துவிட்டார். தண்ணீர் ஒட்டாமல் வழிந்து ஓடியது. வேனுக்குள் இரண்டு நாள் பீடி நாற்றம் அடித்ததில் பிள்ளைகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். அதிலிருந்து அவர் என்ன சொன்னாலும் நான் தலையாட்டினேன்.

டயர் விஷயத்தில் அந்த ஸ்டாண்டுக்கு ஒரு வழக்கம் இருந்தது. புது டயர் ஒரு ஜோடி வாங்கினால் அது முன்னால்தான் போகும். முன்னால் இருந்தது பின்னால் வரும். பின்னால் வந்தது நூல் தெரியும்வரை ஓடும். டயர் மேல் கட்டம் கட்டமாக இருப்பதை இங்கே பட்டன் என்பார்கள். பட்டன் தேய்ந்துபோனால் மொட்டை. எந்த வாடகை வண்டியைப் பார்த்தாலும் முன்னால் பட்டனும் பின்னால் மொட்டையுமாகத்தான் நிற்கும். காற்றையும் கல் மாதிரி அடைப்பார்கள். அப்போதுதான் பாரம் தாங்கும், ஸ்டீரிங் லேசாகத் திரும்பும், டீசலும் மிச்சம்.

நான் இரண்டு டயர் வாங்கிக்கொண்டு போய் நின்ற அன்று, கன்னியப்பன் அண்ணன் யோசிக்கவே இல்லை.

"முன்னாடி போடும்மா. முன்டயர் வெடிச்சா கவுத்துடும். உயிரு முன்னாடிதானே ஒக்காந்துகினு இருக்குது."

முன்சீட்டில் வித்யா காலை ஆட்டிக்கொண்டு முறுக்கு தின்றுகொண்டிருந்தாள். அவளைப் பார்த்தேன். சரி என்றேன். பின்னால் உட்கார்கிற பதினொரு பேரும் உயிர்தான் என்பது அந்த நிமிஷத்தில் எனக்குத் தோன்றவே இல்லை. வேண்டுமென்று செய்யவில்லை. ஆனால் தோன்றவில்லை என்பது உண்மை.

இனி தேன்மொழியைச் சொல்ல வேண்டும். ஐந்தாம் வகுப்பு. எண்ணெய் வைத்து இறுக்கப் பின்னின ரெட்டை ஜடை, முழங்கால் தாண்டித் தொங்கும் யூனிஃபார்ம். கடைசி ஊர்க்காரி என்பதால் காலையில் முதலில் ஏறி, சாயங்காலம் கடைசியில் இறங்குவாள். கடைசி வரிசை ஜன்னல் ஓரத்தில்தான் உட்காருவாள், வேறு எங்கே உட்கார்ந்தாலும் அவளுக்கு வாந்தி வந்துவிடும். பயந்த பிள்ளை. எதிரே லாரி வந்தால் கண்ணை மூடிக்கொள்வாள். நாய் குறுக்கே வந்தால் எனக்கு முன்னால் அவள் கத்துவாள்.

அவள்தான் முதலில் சொன்னாள். ஆடி மாதக் கடைசியில், லேசாக நனைந்த ரோட்டில் ஒரு வளைவு திரும்பினேன். பின்னாலிருந்து குரல் வந்தது.

"அக்கா, பின்னாடி தனியாப் போவுதுக்கா."

"இன்னாடி தனியாப் போவுது?"

"வண்டி. நீங்க அப்படித் திருப்புறீங்க, பின்னாடி மட்டும் இப்படிப் போவுது."

நான் சிரித்துவிட்டேன். வண்டி என்ன ரயிலா, பெட்டி கழன்று தனியாகப் போக? முன்னால் உட்கார்ந்திருக்கிற எனக்கு ஒன்றும் தெரியவில்லை. ஸ்டீரிங் சொன்னபடி திரும்பியது, புது டயர் ரோட்டைக் கவ்விக்கொண்டு போனது. இப்போது புரிகிறது. முன்னால் நன்றாகப் பிடித்திருந்ததால்தான் எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. மொட்டை டயருக்கு அடியில் தண்ணீர் போக வழி இல்லை. காற்று கல்லாக அடைத்திருந்ததால் டயரின் நடுப்பாகம் மட்டும்தான் ரோட்டைத் தொட்டது. அதற்குமேல் அந்த வண்டிக்கு இன்ஜின் முன்சீட்டுக்கு அடியில், இழுப்பது பின்சக்கரம். பிள்ளைகள் ஏறியிருக்கும்போது பின்பாரம் இருக்கும். ஒவ்வொருவராக இறங்க இறங்க வண்டியின் வால் லேசாகிக்கொண்டே வரும். அந்த வாலில் உட்கார்ந்திருந்தவள் தேன்மொழி. அவள் உடம்புக்குத் தெரிந்தது.

அவள் மூன்று தடவை சொன்னாள். மூன்றாவது தடவை நான், "நீ ஆடாம ஒக்காரு, வண்டியும் ஆடாது" என்றேன். வேன் முழுக்க ஒரே சிரிப்பு. ஏழாம் வகுப்பு பிரபு என்று ஒரு வாயாடி இருந்தான், அவனும் கடைசி ஊர்தான். அவன் அன்றிலிருந்து அவளுக்கு 'தனியாப் போற தேனு' என்று பெயர் வைத்துவிட்டான். காலையில் பள்ளிக்கூட வாசலில் அவள் வேனை விட்டு இறங்கும்போதெல்லாம், "ஏய், வண்டிய வுட்டு தனியாப் போவுது பாரு" என்பான். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரித்தேன். ரொம்ப நன்றாகச் சிரித்தேன் என்று நினைவு. அதற்கப்புறம் அவள் ஒன்றும் சொல்லவில்லை. அப்பாடா, பழகிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன்.

புரட்டாசி வந்தது. காலாண்டுப் பரீட்சை நேரம். எங்கள் பக்கம் அப்போது உளுந்து பிடுங்குவார்கள். செடியை வேரோடு பிடுங்கிவந்து களத்தில் போட்டு அடிப்பதற்குப் பதில், தார் ரோட்டில் அகலமாகப் பரப்பிவிடுவார்கள். போகிற வருகிற பஸ்ஸும் லாரியும் ஏறி மிதித்தால் உளுந்து தானாக உதிரும். கூலியும் மிச்சம், மாடும் வேண்டாம். வண்டிக்காரர்கள் திட்டிக்கொண்டே ஏற்றிப்போவார்கள். நானே ஏற்றியிருக்கிறேன். செடி நொறுங்கும்போது சரக் சரக்கென்று ஒரு சத்தம் வரும், பிள்ளைகளுக்கு அது பிடிக்கும். காய்ந்திருக்கும்வரை அதனால் ஒரு தொந்தரவும் இல்லை.

அன்றைக்கு நாலரை மணிக்குத் தூறல் ஆரம்பித்தது. கொட்டுகிற மழை என்றால் ரோட்டைக் கழுவிவிடும். இந்தப் பத்து நிமிஷத் தூறல்தான் மோசம், ரோட்டில் இருக்கிற எண்ணெயையும் மண்ணையும் குழைத்து வைத்துவிட்டு நின்றுவிடும். ஏழு பேர் இறங்கியாயிற்று. இன்னும் இருவர் பெரியம்மா வீட்டுக்குப் போவதாகச் சொல்லி முந்தின ஊரிலேயே இறங்கிவிட்டார்கள். மிச்சம் பிரபு, தேன்மொழி, என் வித்யா. பிரபுவை முன்னால் வரச் சொன்னேன். அவனும் வித்யாவும் ஒரே சீட்டில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

"தேனு, நீயும் நடுசீட்டுக்கு வாயேன், சாரல் அடிக்கப் போவுது."

"வேணாக்கா."

கண்ணாடியில் பார்த்தேன். ஜன்னல் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். என்ன, இப்படிப் பிடித்திருக்கிறாள் என்று ஒரு கணம் தோன்றியது. கேட்கவில்லை.

ஏரிக்கரை மேல் ரோடு. இடது பக்கம் வயல், வலது பக்கம் ஏரி. ஏரி பாதிதான் நிரம்பியிருந்தது, பாதியே ஆளை முழுக்குகிற ஆழம். கரை லேசாக வளைகிற இடத்தில் ரோடு முழுக்க உளுந்துச் செடி கிடந்தது. ஒரு புருஷனும் பெண்டாட்டியும் மழை வலுப்பதற்குள் அதை வாரிக் குவிக்க ஓடிக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மாள் குனிந்தபடி ரோட்டின் நடுவுக்கே வந்துவிட்டாள். நான் பிரேக்கை மிதித்தேன். வேகம் முப்பது கூட இருக்காது.

அப்போதுதான் எனக்கும் தெரிந்தது. வண்டி எனக்குப் பின்னால் தனியாகப் போயிற்று.

சத்தமே இல்லை. அதுதான் பயங்கரம். டயர் கிறீச்சிடவில்லை, ஒன்றும் இடிக்கவில்லை. ரோடு என் முகத்துக்கு எதிரே மெதுவாகப் பக்கவாட்டில் நகர்ந்து போனது. வயல் வந்தது, நாங்கள் வந்த வழி வந்தது. ஸ்டீரிங்கை எந்தப் பக்கம் திருப்பினேன் என்று இன்றுவரை தெரியாது. எதற்கும் அது பதில் சொல்லவில்லை. பிறகு ஒரு டமார். வண்டியின் அடிப்பாகம் கரையின் விளிம்பில் தட்டி நின்றது. முன்சக்கரம் இரண்டும் ரோட்டில். பின்சக்கரம் இரண்டும் கரைச் சரிவில், தண்ணீர்ப் பக்கம்.

அடுத்து நான் செய்ததை என் கணவரிடம்கூடச் சொன்னதில்லை. கையை நீட்டி இடது கதவைத் திறந்து, வித்யாவையும் பிரபுவையும் வெளியே தள்ளினேன். "எறங்கு, எறங்கு" என்று கத்தினேன். இரண்டு பேரும் குதித்தார்கள். குதித்த அந்த நொடி, முன்பாரம் குறைந்து, வண்டி ஒரு முழம் பின்னால் சரிந்தது. கண்ணாடியில் தேன்மொழியின் முகம் தெரிந்தது. அவளுக்குப் பின்னால் ரோடோ கரையோ எதுவும் இல்லை, தண்ணீர் மட்டும்தான்.

என் மகளை முதலில் காப்பாற்றினேன். அதனால் தேன்மொழி இன்னொரு முழம் ஏரிக்குப் பக்கத்தில் போனாள். இதை எப்படிச் சுற்றி எழுதினாலும் இவ்வளவுதான்.

பிரேக் மேல் இரண்டு காலையும் வைத்து மிதித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சேற்றில் நிற்கிற சக்கரத்துக்குப் பிரேக் எதற்கு? அது வேலைக்கு ஆகாது என்று தெரிந்தும் காலை எடுக்கப் பயம். நான் எழுந்து பின்னால் போனாலும் வண்டி போய்விடும், கீழே இறங்கினாலும் போய்விடும்.

"தேனு. மெதுவா முன்னாடி வா."

அவள் அழவில்லை. கம்பியை விடவும் இல்லை.

"நான் நவுந்தா வண்டி பூடுமாக்கா?"

"போவாது. வா."

போகாது என்று எனக்குத் தெரியாது. அவளுக்கும் அது தெரிந்திருந்தது. என் முகத்தையே கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்குள் உளுந்துக்காரர் ஓடிவந்தார். என்ன ஏது என்று கேட்கவே இல்லை. நேராக முன்பம்பர் மேல் ஏறி, வைப்பரைப் பிடித்துக்கொண்டு கண்ணாடியோடு ஒட்டிப் படுத்தார். "எம்மே, நீயும் ஏறு" என்று பெண்டாட்டியைக் கூப்பிட்டார். அந்த அம்மாளும் புடவையை வாரிச் செருகிக்கொண்டு ஏறினாள். கண்ணாடிக்கு அந்தப்பக்கம் இரண்டு முகம், இந்தப்பக்கம் நான், நடுவில் தூறல். பாரம் ஏற்றின வண்டி முன்பக்கம் தூக்கினால் முன்னால் ஆள் ஏற வேண்டும் என்பது அவருக்கு மாட்டு வண்டியில் பழகின புத்தி. எனக்கு அந்தப் புத்தி ஒரு நிமிஷம் முன்னால் வந்திருக்கலாம்.

தேன்மொழி கம்பியை விட்டாள். சீட்டின் மேல் வயிற்றைத் தேய்த்துக்கொண்டு ஊர்ந்துவந்தாள். கடைசி வரிசையிலிருந்து நடுசீட்டுக்கு. நடுசீட்டிலிருந்து என் தோளுக்கு. அவளுடைய நகம் என் கழுத்தில் பதிந்ததுதான் நான் உயிரோடு இருக்கிறேன் என்பதற்கு அடையாளமாக இருந்தது. அவளை இடது கதவு வழியாக இறக்கிவிட்டு நானும் விழுந்து இறங்கினேன். ரோட்டில் உட்கார்ந்து, ஈரச்செடி மேலேயே வாந்தி எடுத்தேன்.

அப்போது அவள் என் பக்கத்தில் வந்து நின்றாள். குரல் ரொம்பச் சின்னதாக இருந்தது.

"வளைவுக்கு முன்னாடியே ரெண்டு வாட்டி தனியாப் போச்சுக்கா. சொல்லலாம்னு பாத்தேன். சிரிப்பாங்கன்னு சொல்லல."

என்னால் அவளை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. பிரபு தலையைக் குனிந்துகொண்டான். பாவம், அவன் குழந்தை. முப்பது வயதில் சிரித்தவள் நான்தானே.

பக்கத்து நிலத்திலிருந்து டிராக்டர் வந்து கயிறு கட்டி வண்டியை இழுத்தது. உளுந்துக்கார அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினாள். "ரோட்ல போட்டது எங்க தப்புதாம்மா. யாரு கிட்டயும் சொல்லிடாதம்மா, போலீஸ் கேஸாயிடும்." நான் அவளிடம் கெஞ்ச நினைத்ததை அவள் என்னிடம் கெஞ்சிக்கொண்டிருந்தாள். சொல்ல மாட்டேன் என்றேன். அந்த வார்த்தையில் எனக்கு எவ்வளவு நிம்மதி என்பதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது. பிரபுவையும் வித்யாவையும் தனியே அழைத்து, வீட்டில் சொன்னால் பயந்துவிடுவார்கள் என்று சொல்லி வாயை அடைத்தேன். தேன்மொழியிடம் மட்டும் கேட்க வாய் வரவில்லை.

மாட்டு வண்டி வேகத்தில் ஓட்டிப்போனேன். ஊர் முனையில் அவளுடைய அம்மா செல்வி, உரச்சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நின்றிருந்தாள். நேரமாகிவிட்டதே என்ற பதற்றம் என்னைப் பார்த்ததும் அவள் முகத்திலிருந்து போனது.

"மழைல வேற வண்டியா இருந்தா உசுரு கையில இருக்காதுக்கா. நீ ஓட்டுறேன்னுதான் தெகிரியமா நிக்கிறேன்."

நான் வாயைத் திறப்பதற்குள் தேன்மொழி சொன்னாள்: "மழைம்மா. அதான் லேட்டு." சொல்லிவிட்டு, பையை மாட்டிக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தாள். யாரும் சொல்லிக் கொடுக்காமல் ஒரு ஒன்பது வயதுப் பிள்ளை எனக்காகச் சொன்ன பொய் அது. நான் அதை வாங்கி வைத்துக்கொண்டேன்.

மறுநாள் விடியற்காலையிலேயே ஸ்டாண்டுப் பக்கத்து டயர்க் கடைக்குப் போய், நல்ல டயர் இரண்டையும் பின்னால் மாற்றச் சொன்னேன், காற்றையும் குறைக்கச் சொன்னேன். கன்னியப்பன் அண்ணன் டீ கிளாஸோடு வந்து பார்த்தார். "இன்னாம்மா, தலைகீழாப் பண்ற?" என்று கேட்டார். என் அண்ணன் போனில் அப்படிச் சொன்னான் என்று துபாய் மேல் பழியைப் போட்டேன். உண்மையைச் சொல்லியிருந்தால் அந்த ஸ்டாண்டில் இருந்த ஆறேழு வண்டியும் மாறியிருக்கும். அவற்றில் ஏறுகிறவர்கள் எத்தனை பேர்! பயத்தில் அதையும் சொல்லவில்லை. பேர் கெட்டுவிடும் என்ற பயம், ஏரிப் பயத்தைவிடப் பெரிதாக இருந்தது.

அதற்கப்புறம் மழை வந்த நாளெல்லாம் கண்ணாடியைப் பார்த்துக் கேட்பேன். "தேனு, பின்னாடி எப்படி இருக்குது?"

"நல்லா இருக்குதுக்கா."

ஒவ்வொரு தடவையும் அதே பதில். கையைப் பார்ப்பேன். கம்பியை இறுக்கிப் பிடித்திருப்பாள், விரல் முட்டிகள் வெளுத்திருக்கும். லாரி வந்தால் கண்ணை மூடுவதில்லை, நாய் வந்தால் கத்துவதில்லை. அந்த வருஷ முடிவில் செல்வி எனக்கு ஒரு படி வேர்க்கடலை கொண்டுவந்து கொடுத்தாள். "எதுக்கெடுத்தாலும் அழுவுவாக்கா இவ. உன் வண்டில வந்துதான் தெகிரியம் வந்துச்சு" என்றாள். அந்தக் கடலையை வறுத்துத் தின்றோம். எப்படி இறங்கியதோ தெரியவில்லை.

அடுத்த இரண்டு வருஷம் ஓட்டிவிட்டு நிறுத்திவிட்டேன். வண்டியைக் காய்லாங்கடையில் போட்டோம். அந்த ஏரிக்கரையில் இப்போது இரும்புத் தடுப்பு வைத்து ரோட்டை அகலமாக்கிவிட்டார்கள். உளுந்து அடிக்க மெஷின் வருகிறது, ரோட்டில் செடி பரப்புகிறவர்கள் குறைந்துபோனார்கள். கார் ஸ்டாண்டு இருந்த இடத்தில் செல்போன் கடைகள். கன்னியப்பன் அண்ணனும் போய்ச் சேர்ந்துவிட்டார். பள்ளிக்கூட வண்டிகள் மஞ்சளாக, பெரிதாக, பின்பக்கம் எழுத்தெல்லாம் எழுதிப் போகின்றன. இதில் எது போனதற்கும் எனக்கு வருத்தம் கிடையாது. போகட்டும், எல்லாம் நல்லதற்குத்தான்.

போன மாதம் கடைவீதியில் செல்வியைப் பார்த்தேன். தலை நரைத்திருந்தது, கையில் மஞ்சப்பை. தேன்மொழிக்குக் கல்யாணமாகி மூன்று வருஷமாம், ஓசூர்ப் பக்கம் இருக்கிறாளாம். நான் கேட்காமலேயே பெருமையாகச் சொன்னாள்.

"அங்க இன்னா நடந்தாலும் வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்ல மாட்டாக்கா. ரெண்டு வாட்டி திடீர்னு வந்தா, நாலு நாள் இருந்தா, அவளா கெளம்பிப் போயிட்டா. கேட்டா நல்லா இருக்கேம்மான்றா. பக்கத்து வூட்டுப் பொண்ணுங்க மாரி அழுதுகினு வந்து நிக்கல. அந்த மட்டும் நிம்மதி."

ரெண்டு வாட்டி என்று அவள் சொன்னதுதான் காதுக்குள் நின்றது. தேனுவோட நம்பர் குடு செல்வி என்றேன். எதுக்குக்கா என்றாள். சும்மா பேசத்தான் என்றேன். வாங்கிக்கொண்டு வந்து, நேற்று வரை கூப்பிடவில்லை. பயம்தான், வேறென்ன.

டயர்க் கடையில் உட்கார்ந்தபடியே கூப்பிட்டேன். ஐந்தாறு தடவை மணி அடித்த பிறகு எடுத்தாள். வேன் அக்கா பேசுகிறேன் என்றதும், "அக்கா!" என்று ஒரு சந்தோஷம். அம்மா சொன்னதாக என் மூட்டு வலி பற்றி விசாரித்தாள், வித்யாவின் பிள்ளை பற்றி விசாரித்தாள். எப்படி இருக்கிறாய் என்று கேட்டேன். நல்லா இருக்கேன்க்கா என்றாள். உடனே சொன்னாள், யோசிக்கவே இல்லை.

"தேனு, அன்னிக்கு நீ சொன்னது நெசம். நான்தான் கேக்கல. இப்பச் சொல்லு, நான் சிரிக்க மாட்டேன்" என்றேன்.

அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டது. எங்கேயோ ஒரு கதவு மூடும் சத்தம். பிறகு, "அவரு வந்துட்டாருக்கா, வெச்சுடுறேன்" என்றாள்.